எந்த ரோமானியக் காசு உங்களுக்கானது?

ரோமானியர்கள் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் காசு அடித்தார்கள். பேரரசுக் காலக் காசுகளை மட்டும் வகைப்படுத்தும் ‘ரோமன் இம்பீரியல் காயினேஜ்’ நூல்வரிசையே பத்துத் தொகுதிகள் கொண்டது. முதல் தொகுதி 1923இல் வந்தது. அதற்கு முந்தைய குடியரசுக் காலக் காசுகளும், கிழக்கு மாகாண நகரங்கள் கிரேக்க எழுத்தில் அடித்துக்கொண்ட காசுகளும் அந்தக் கணக்கில் சேரவில்லை. இத்தனையையும் ஒருவர் ஆயுளில் சேர்த்து முடிக்க வழியில்லை. ஆகவே முதல் காசை வாங்கும் முன்பே, எதையெல்லாம் வாங்கப்போவதில்லை என்று தீர்மானித்தாக வேண்டும்.

இந்த அத்தியாயத்தை விருத்தாசலத்தில் இருக்கும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பீங்கான் தொழிற்பேட்டையில் இன்சுலேட்டரோ கொலு பொம்மையோ செய்பவர். அல்லது அங்கே பீங்கான் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஊரிலேயே இருப்பவர். வேறு ஊர்க்காரர்களுக்கும் முறை இதுதான். நீங்கள் இருக்கும் இடம், உங்கள் கைக்குத் தெரிந்த தொழில், மாதாமாதம் ஒதுக்கக்கூடிய பணம், இந்த மூன்றையும் வைத்து ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல உதவும் காசை வாங்குங்கள். உதவாததை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பலரும் சொல்லும் யோசனை ‘பன்னிரண்டு சீசர்கள்’. ஜூலியஸ் சீசர் முதல் டொமிஷியன் வரை ஆளுக்கொரு காசு. கேட்கும்போது நன்றாக இருக்கும். ஆனால் கி.பி. 69இல் மூன்று மாதம் மட்டுமே ஆண்ட ஓத்தோ அந்த வரிசையில் இருக்கிறார். அவர் காசு குறைவு, கேட்பவர்கள் அதிகம், விலையும் அதற்கேற்ப. கலிகுலாவின் வெள்ளிக் காசும் அப்படித்தான். எட்டு ஒன்பது பேரைச் சேர்த்துவிட்டு மீதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் மோசமான ஒன்றை அதிக விலை கொடுத்து வாங்கியவர்கள் நிறைய. எல்லாம் கிடைத்த பிறகும் கையில் இருப்பது ஒரு பெயர்ப்பட்டியல்தான். நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

உங்கள் ஊரிலிருந்து பாருங்கள். வடக்கே திருக்கோவிலூர், பெண்ணையாற்றங்கரை. அங்கே கிடைத்த ரோமானியச் செப்புக் காசுகளைக் கரூர், மதுரைக் காசுகளோடு சேர்த்து இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு நூலாகவே வெளியிட்டார். தினமலர் ஆசிரியராக இருந்தவர். பெருவழுதி பெயர் பொறித்த சங்ககாலப் பாண்டியர் காசை அடையாளம் கண்டவரும் அவரே. வடகிழக்கே புதுச்சேரியை ஒட்டி அரிக்கமேடு. மேற்கே அமராவதிக் கரையில் கரூர். மூன்றும் ரோமானியப் பொருள் வந்து சேர்ந்த இடங்கள். லண்டனிலோ நியூயார்க்கிலோ சேர்ப்பவர் இந்த இடங்களைப் புத்தகத்தில் படிப்பார். நீங்கள் காலையில் கிளம்பிப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். ‘இங்கே வந்த காசுகள் எவை, ஏன் அவை மட்டும் வந்தன?’ என்பது உங்களுக்கு இயல்பாகவே அமையக்கூடிய முதல் கேள்வி.

இந்தக் கேள்வியின் நல்ல அம்சம், அது மிகக் குறுகியது. தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் இரண்டே வகைகள்தான் மிகுதி. ஒன்று அகஸ்டஸ் காசு: பின்பக்கத்தில் அவருடைய பேரன்களும் வளர்ப்பு மகன்களுமான கையஸ், லூசியஸ் இருவரும் கேடயத்தோடும் ஈட்டியோடும் நிற்பார்கள். மற்றது டைபீரியஸ் காசு: பின்பக்கத்தில் ஒரு பெண் கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருப்பார். இரண்டும் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அடித்தவை. 1842இல் கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் கிடைத்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதி இந்த வகைகளே.

ஏன் இவை மட்டும்? ஒரு விடை வெள்ளியின் தரத்தில் இருக்கிறது. கி.பி. 64இல் நீரோ காசின் எடையைக் குறைத்தார், வெள்ளியையும் குறைத்தார். அதுவரை ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 காசு, அதன்பின் 96. அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசுகள் இங்கே கிடைப்பது மிகக் குறைவு. பழைய காசின் தரத்தை நம்பிக் கேட்டு வாங்கினார்கள் என்று கொள்ளலாம். பிளினி இலங்கையைப் பற்றிச் சொல்லும் ஒரு செய்தி இங்கே பொருந்தும். காற்றில் திசைமாறி அங்கே போய்ச் சேர்ந்த ஒரு ரோமானியரிடம் இருந்த காசுகளில் வெவ்வேறு முகங்கள் இருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு, அந்நாட்டு அரசன் ரோமானியரின் நேர்மையை வியந்தானாம். முகத்தைவிட எடையைப் பார்த்த சந்தை இது.

கையஸ், லூசியஸ் காசையே ஒருவர் ஆயுள் முழுக்க ஆராயலாம் என்பது என் கருத்து. கி.மு. 2இல் தொடங்கிச் சில ஆண்டுகள் பெருவாரியாக அடித்தார்கள். லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள், இருவரும் அரியணை ஏறவில்லை. ஆட்சிக்கே வராத இரண்டு இளைஞர்களின் உருவம் கொங்கு நாட்டு மண்ணுக்குள் குவியல் குவியலாகக் கிடந்திருக்கிறது. அவர்கள் தலைக்கு மேலே, இருவருக்கும் நடுவில், இரண்டு சிறிய பொருள்கள் தெரியும். ஒன்று நீண்ட கைப்பிடி கொண்ட பூசைக் கரண்டி. மற்றது நுனி சுருண்ட குறிகாரரின் கோல். கரண்டி கையஸின் குருப்பதவிக்கு, கோல் லூசியஸின் நிமித்தம் பார்க்கும் பதவிக்கு. சில காசுகளில் கரண்டி இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம். சிலவற்றில் கீழே எக்ஸ் வடிவில் ஒரு குறி. இந்த வேறுபாடுகளை மட்டும் தேடிச் சேர்த்தால் பத்துக்குள் அடங்கும் ஒரு தொகுப்பு வரும். அதை முழுமையாக்க முடியும். அகஸ்டஸின் வெள்ளிக் காசுகளில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பதும் இதுதான் என்பதால் விலையும் ஓரளவு கைக்கு அடங்கும். டைபீரியஸ் காசு அப்படியல்ல. விவிலியத்தில் இயேசு காட்டச் சொன்ன வரிக்காசு இதுதான் என்ற நம்பிக்கையால் உலகெங்கும் கிறிஸ்தவர்கள் தேடி வாங்குகிறார்கள். நிறையக் கிடைத்தும் விலை இறங்குவதில்லை. ஒன்று போதும்.

பொற்காசுகளை இந்த நூலின் வாசகர்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. விலை ஒரு காரணம். போலிகளின் பெருக்கம் இன்னொன்று. ஆனால் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளுங்கள். புதுக்கோட்டைப் பக்கம் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். ஏன் வெட்டினார்கள் என்பதற்கு அறிஞர்களிடையே பல விளக்கங்கள் உண்டு. அப்படி ஒரு வெட்டு இருக்கிறது என்பதற்காகவே ஒரு காசை ‘இந்தியப் புதையல்’ என்று கூடுதல் விலை சொல்வார்கள். வெட்டை யாரும் போடலாம்.

இனி இந்தத் திசையில் போகிறவர் சந்திக்கும் பெரிய இடர். ‘இங்கே வந்த காசு’ என்ற கேள்வி மனத்தில் விழுந்ததும், ‘இங்கேயே எடுத்த காசு வேண்டும்’ என்ற ஆசையும் கூடவே வரும். கரூரிலும் திருக்கோவிலூரிலும் ஆற்று மணலைச் சலித்துக் காசு எடுத்து விற்பவர்கள் உண்டு. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள்தான் பெரும்பாலும். நகத்தளவு, தேய்ந்தவை, விலை குறைவு. விலை குறைவு என்பதாலேயே கை நீளும். வாங்காதீர்கள். மண்ணிலிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அதோடு, எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்ற செய்தி போய்விட்டால் உங்கள் கேள்விக்கு அந்தக் காசால் எந்த விடையும் சொல்ல முடியாது. கிருஷ்ணமூர்த்தியின் நூல் இன்றும் பயன்படுவதற்குக் காரணம், எந்தக் காசு எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் பிரித்து எழுதிவைத்ததுதான்.

அப்படியானால் என்ன செய்வது? இங்கே கிடைத்தவற்றை அருங்காட்சியகத்தில் பாருங்கள். அதே வகையை, பழைய ஏல ஆவணம் உள்ளதாக, வெளியே வாங்குங்கள். விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து எழும்பூருக்கு நேரடி ரயில் இருக்கிறது. எழும்பூர் நிலையத்திலிருந்து அரசு அருங்காட்சியகம் அதிக தூரமில்லை. கண்ணாடிக்குள் இருக்கும் காசைப் பார்த்து, அதே வகையில் உங்களிடம் உள்ளதன் தேய்மானத்தையும் நிறத்தையும் ஒப்பிட்டு எழுதிக்கொள்ளலாம். இந்த வகையில் தொகுப்பு உங்கள் வீட்டில் பாதியும் பொதுச் சொத்தாகப் பாதியும் இருக்கும். அதில் குறைவொன்றும் இல்லை.

இரண்டாவது திசை உங்கள் தொழிலிலிருந்து வருவது. ரோமானியக் காசுகளின் பின்பக்கங்களில் பாத்திரங்கள் நிறைந்திருக்கின்றன. கி.மு. 49இல் ஜூலியஸ் சீசர் அடித்த யானைக் காசைத் திருப்பினால் கரண்டி, கோடாரி, நீர் தெளிக்கும் கருவி, பூசாரியின் குல்லாய் இருக்கும். நெர்வாவின் பெரிய செப்புக் காசு ஒன்றில் தானியம் அளக்கும் மரக்கால் கதிர்களோடு நிற்கும். ரோம் நகரத்து மக்களுக்குத் தானியம் வழங்கியதன் நினைவாக அடித்தது. டிராஜன் ரோமுக்குக் கொண்டுவந்த புதிய நீர்க்கால்வாயின் காசில் நதித் தெய்வம் ஒரு குடத்தில் சாய்ந்திருக்கும். இவையெல்லாம் விலை கூடியவை. ஆனால் மூன்றாம் நூற்றாண்டில் பட்டத்து இளவரசர்களின் பெயரில் அடித்த காசுகளில் பூசைப் பாத்திரங்களை மட்டுமே வரிசையாகக் காட்டும் வகை உண்டு: ஒற்றைக் கைப்பிடிக் கெண்டி, ஊற்றுக்கரண்டி, தெளிப்பான், கத்தி, தட்டம். மாக்சிமஸ், ஹெரெனியஸ் எட்ரஸ்கஸ், இரண்டாம் வலேரியன் பெயர்களில் தேடுங்கள். பின்னவர்களுடையவை வெள்ளி குறைந்த காசுகள் என்பதால் விலையும் இறங்கியே இருக்கும்.

ஒரு பீங்கான் தொழிலாளி இந்தக் காசைப் பார்ப்பதும் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது. கைப்பிடி கழுத்தில் எங்கே ஒட்டுகிறது, வாய் எப்படி மடிந்திருக்கிறது, இந்த வடிவம் சக்கரத்தில் எழும்புமா அல்லது உலோகத் தகட்டைத் தட்டித்தான் செய்ய முடியுமா என்றெல்லாம் உங்கள் கண் தானாகவே கேட்கும். அச்சு வெட்டியவர் உண்மையான பாத்திரத்தைப் பார்த்து வெட்டினாரா, முந்தைய காசைப் பார்த்து நகலெடுத்தாரா என்பதைக்கூட வரிசையாக நாலு காசு வைத்தால் நீங்கள் சொல்லிவிடலாம். இந்தத் தலைப்பில் சேர்ப்பவர்கள் மிகக் குறைவு. போட்டியும் அந்த அளவுக்குக் குறைவு.

மேலே சொன்ன கையஸ், லூசியஸ் காசிலும் ஒரு பூசைக் கரண்டி இருக்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் மண்ணுக்கு வந்த காசும் பாத்திரம் பொறித்த காசும் அந்த ஒரு காசில் சந்திக்கின்றன. விருத்தாசலத்துக்காரர் ஒரே ஒரு ரோமானியக் காசுதான் வாங்குவார் என்றால் அதை வாங்கட்டும்.

பாத்திரத் திசையில் போகிறவர் அரிக்கமேட்டையும் விட்டுவிடக் கூடாது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது காலத்தைக் கணிக்க அவருக்குக் கைகொடுத்தது மண்பாண்டம். இத்தாலியிலிருந்து வந்த பளபளப்பான சிவப்பு அரெட்டைன் வகை ஓடுகள், அவற்றில் சிலவற்றில் குயவர் முத்திரை. அந்த முத்திரைகளின் காலம் இத்தாலியில் தெரிந்திருந்தது. அதைக்கொண்டு தென்னிந்திய வரலாற்றுக்கே ஓர் உறுதியான ஆண்டுக்கணக்கு கிடைத்தது. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்கள் இருக்கின்றன. காசும் களிமண்ணும் நேரடியாகவே சேர்ந்த இடமும் உண்டு: தெலங்கானாவின் கொண்டாபூர், ஒடிசாவின் சிசுபால்கர் போன்ற இடங்களில் ரோமானியக் காசைப் போலவே களிமண்ணில் செய்து சுட்ட பதக்கங்கள் கிடைத்துள்ளன, கழுத்தில் அணிவதற்குத் துளையோடு. இவற்றை வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. படங்களைச் சேர்த்து உங்கள் குறிப்பேட்டில் ஒட்டுங்கள். ஆர்வத்தில் உங்கள் காசை ஈரக் களிமண்ணில் அழுத்திப் பார்க்காதீர்கள். செப்புக் காசில் ஈரமும் உப்பும் ஏறினால் பச்சைப் பொடி பூக்க ஆரம்பிக்கும்.

மூன்றாவது திசை மாற்று, அதாவது உலோகத்தின் தூய்மை. விருத்தாசலத்தின் பழம்பெயரான திருமுதுகுன்றத்துக் கதை உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும்: சுந்தரருக்கு இறைவன் தந்த பன்னிரண்டாயிரம் பொன், அதை அவர் மணிமுத்தாற்றில் இட்டது, திருவாரூர்க் குளத்தில் எடுத்தது. இடுவதற்கு முன் ஒரு துண்டை மச்சமாக வைத்துக்கொண்டு, எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்ததையும் பெரியபுராணம் சொல்கிறது. இறைவன் கொடுத்த பொன்னையே உரைத்துப் பார்த்த கதை வழங்கும் ஊர்க்காரருக்கு, ரோம் தன் வெள்ளியை எப்படிக் கரைத்தது என்ற வரலாறு பொருத்தமான தலைப்பு. அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறைய தூய வெள்ளி. நீரோ முதல் குறைப்பைச் செய்தார். செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் பாதியளவுக்கு வந்தது. கி.பி. 215இல் கராகல்லா இரட்டை மதிப்புள்ள புதிய காசை வெளியிட்டார். அதில் இரண்டு காசின் வெள்ளி இல்லை. கல்லியேனஸ் ஆட்சியின் முடிவில், 268 வாக்கில், செம்புக் காசின் மேல் வெள்ளிப் பூச்சு என்று சொல்லும் நிலை. ஏழெட்டுக் காசுகளை வரிசையாக அடுக்கினால் நிறம் மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிந்தைய காசுகள் மலிவு. நல்ல வெள்ளிக்கு மட்டும் கொஞ்சம் செலவாகும். குழந்தைகளுக்கு வரலாறு சொல்லித்தர இதைவிடச் சிறந்த தொகுப்பை நான் பார்த்ததில்லை.

கையில் மிகக் குறைந்த பணம்தான் என்றால், கான்ஸ்டன்டைன் காலத்தில் இரண்டு வீரர்கள் நடுவில் கொடியோடு நிற்கும் செப்புக் காசை எடுத்துக்கொண்டு, அதையே வெவ்வேறு அக்கசாலைகளிலிருந்து சேர்க்கலாம். அலெக்சாந்திரியா, அந்தியோக்கு, கான்ஸ்டான்டினோப்பிள், தெசலோனிக்கா என்று அடிப்பகுதியில் ஊர்க்குறி இருக்கும். நம் கடலோர மாவட்டத்து ஈரத்தில் செம்பைக் காப்பது மட்டும் கவலை. சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவும் மழைக்காலத்தில் அடிக்கடி பார்ப்பதும் வேண்டும். பிவிசி உறை கூடாது.

எந்தத் திசையை எடுத்தாலும் போலியை எதிர்கொள்ளத்தான் வேண்டும். இங்கே விருத்தாசலத்துக்காரருக்கு ஒரு முன்னிலை உண்டு, அதை முழுக்கப் பயன்படுத்துங்கள். ரோமானியக் காசுகள் பெரும்பாலும் அடித்தவை: சூடாக்கிய வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். போலிகளில் பெரும்பகுதி வார்த்தவை: உண்மையான காசிலிருந்து மோல்டு எடுத்து உலோகம் ஊற்றியவை. மோல்டில் பொம்மை வார்க்கிற உங்களுக்கு அதன் அடையாளங்களை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு பாதி சேரும் இடத்தில் விளிம்பைச் சுற்றி ஓடும் கோடு, அதைத் தேய்த்து மறைத்த தடம், மேற்பரப்பில் காற்றுக் குமிழின் சிறு குழிகள், கூர்மை மழுங்கிய எழுத்துகள். ஸ்லிப் ஊற்றி எடுத்த பொம்மை காய்ந்தும் சூளையில் வெந்தும் சுருங்குவதுபோல, வார்த்த உலோகமும் ஆறும்போது சுருங்கும். அதனால் வார்த்த போலி மூலக்காசைவிட ஒரு துளி சிறியதாக இருக்கும். எடையும் பெரும்பாலும் பொருந்தாது. அகஸ்டஸ் காலத்து நல்ல வெள்ளிக் காசு சுமார் 3.8 கிராம் இருக்க வேண்டும். நகைக்கடைத் தராசும் ஒரு வெர்னியரும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அடித்த காசின் விளிம்பில் வெடிப்பு இருக்கலாம். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில். இரண்டு காசுகளில் ஒரே வெடிப்பு ஒரே இடத்தில் தெரிந்தால் இரண்டில் ஒன்றாவது மோல்டில் பிறந்தது. அச்சு வெட்டி அடித்த நுட்பமான போலிகளும் உண்டு. அவற்றுக்கு இந்தச் சோதனை போதாது, நம்பகமான விற்பனையாளர்தான் காப்பு.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது இரண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதை விற்கும் தொழில் செய்பவருக்கு உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு, அரசர், வகை, எடை, முன்பு யாரிடம் அல்லது எந்த ஏலத்தில் இருந்தது என்ற விவரங்களோடு ரசீது கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டில் வாங்கினால் சுங்க ஆவணத்தைக் காசோடு சேர்த்து வையுங்கள். இந்தியாவுக்குள் வந்த தொல்பொருளைத் தனியார் வெளியே அனுப்பச் சட்டம் இடம் தராது. பிறகு வெளிநாட்டில் விற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு வாங்காதீர்கள்.

தேர்ந்தெடுத்த தலைப்பு சரிதானா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு காசும் வாங்காமல் ஒரு மழைக்காலம் முழுக்க அதைப் படியுங்கள். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் இணையத் தரவுத்தளத்தில் பேரரசுக் காலக் காசுகள் வகைவாரியாகப் படத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தலைப்பில் வரும் காசுகளை அதில் தேடி, எண்ணையும் வகையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டு நிரம்ப நிரம்ப ஆர்வம் கூடினால் தலைப்பு உங்களுடையது. பத்துப் பக்கத்தில் சலித்துவிட்டால் செலவு ஒரு நோட்டோடு முடிந்தது, வேறொன்றைப் பாருங்கள். தலைப்பு மிக அகலமாக இருந்தால் எண்கள் நூற்றுக்கணக்கில் ஏறும்; காலத்தாலோ ஊராலோ இன்னும் குறுக்குங்கள். மிகக் குறுகலாக இருந்து மொத்தமே மூன்று காசு என்றால் பக்கத்துத் தலைப்பு ஒன்றை இணைத்துக்கொள்ளுங்கள், கரண்டிக் காசோடு கெண்டிக் காசைச் சேர்ப்பதுபோல.

அதன்பின் வாங்கும் முதல் காசுக்கு அதே நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எடை, குறுக்களவு, இரண்டு பக்கத்தின் புகைப்படம், விலை, ரசீது எண், வாங்கிய நாள், இதற்கு முன் இருந்த இடம். கீழே, இந்தக் காசை ஏன் வாங்கினேன் என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரியை எழுத முடியாத காசு எதிர்ப்பட்டால் பர்ஸைத் திறக்காதீர்கள்.